முதல் வாளி

டுவெய்ன் தெருவில் கிடந்த பழைய நாற்காலியைத் தூக்கிக் குப்பைத் தொட்டி ஓரமாக வைத்துவிட்டுக் காரை நிறுத்தியபோது மணி மூன்று. அது குப்பை இல்லை என்று நாலரைக்குத்தான் தெரிந்தது.

கீழ் வீட்டு ரூபன் வந்து சொன்னான். சிகாகோவில் பனி கொட்டினால், தெருவில் கார் நிறுத்தும் இடத்தை யார் அள்ளிச் சுத்தம் செய்கிறார்களோ, பனி கரையும்வரை அந்த இடம் அவர்களுக்கு. நடுவில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டால் பட்டா வாங்கின மாதிரி.

"அது எதிர்வீட்டு ஹலினாவோட இடம். ராத்திரி வேலை முடிச்சு வந்து, தூங்காம மூணு மணி நேரம் அள்ளிச்சு அந்தம்மா. இப்ப கடைக்குப் போயிருக்கு."

"எனக்கென்னய்யா தெரியும்? நான் ஹூஸ்டன்காரன். பனியைப் படத்துலதான் பார்த்திருக்கேன்."

"போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் நிறுத்தினான். காலையில பார்த்தா, கார் மேல வாளி வாளியா தண்ணி ஊத்தியிருந்தாங்க. உறைஞ்சு போய், கதவைத் திறக்கவே ரெண்டு நாளாச்சு."

டுவெய்ன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். பிரயோஜனமில்லை. சற்றுமுன் போன பனி அள்ளும் வண்டி, தெருப் பனியையெல்லாம் அவன் காரை ஒட்டி இடுப்பளவுக்குத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. கார் உள்ளே, பனிச்சுவர் வெளியே.

மேலே சோபாவில் அவன் மனைவி யோலண்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன தேதி முடிந்து இரண்டு நாள். எந்த நிமிடமும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கலாம்.

"ஊர்ல பழைய கம்பெனி திரும்பக் கூப்பிடுதுல்ல, வெள்ளிக்கிழமை சரின்னு சொல்லிடறேன்," என்றான் டுவெய்ன். "இதெல்லாம் ஒரு ஊரா? ஹூஸ்டன்ல வெள்ளம் வந்தப்ப முன்னப்பின்ன தெரியாதவன் படகு கொண்டாந்தான். இங்க ஒரு ஓட்டை நாற்காலிக்கு அடிச்சுக்கறானுங்க."

அங்கே பால் வாங்கக்கூட கார் எடுக்க வேண்டும், ஆகஸ்டில் வாசலில் நின்றாலே வெந்து போகும், இங்கே ஏரி இருக்கிறது, ரயில் இருக்கிறது என்று யோலண்டா வழக்கமான தன் பட்டியலைச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"படகு நமக்கு வந்துச்சு, சரி. நாம யாருக்குக் கொண்டு போனோம்?"

டுவெய்ன் ஜன்னல் பக்கம் போனான்.

ஐந்து மணிக்கு ஹலினாவின் கார் வந்தது. தன் இடத்தில் நின்ற காரைப் பார்த்தாள். குப்பைத் தொட்டியைப் பார்த்தாள். இறங்கி, நாற்காலியை எடுத்து, கோட்டுக் கையால் பனியைத் துடைத்து, தன் வாசலில் வைத்தாள். காரை எங்கேயோ நிறுத்திவிட்டு நடந்தே திரும்பினாள். வீட்டுக்குள் போனவள் வெளியே வரும்போது கையில் வாளி. பின்னால் மண்வெட்டியோடு பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர்.

டுவெய்ன் சக்கரம் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டு கீழே பாய்ந்தான்.

"காரைத் தொட்டீங்க, நடக்கறதே வேற."

"என் இடத்துல நின்னுக்கிட்டு எனக்கே மிரட்டலா?" ஹலினா வாளியை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

அப்போது மேலே ஜன்னல் திறந்தது.

"டுவெய்ன், பனிக்குடம் உடைஞ்சிருச்சு."

ஹலினா நிமிர்ந்து பார்த்தாள். வாளியோடு திரும்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். இந்தப் பனியில் நாற்பது நிமிடமாவது ஆகும் என்றார்கள்.

"பார்த்தியா உன் சிகாகோவை?" என்று மேலே பார்த்துக் கத்தினான். பிறகு இரும்பை எறிந்துவிட்டு, வெறுங்கையால் பனியைத் தோண்ட ஆரம்பித்தான்.

கதவு மறுபடி திறந்தது. அதே வாளியோடு ஹலினா விடுவிடுவென்று வந்தாள். அவன் குறுக்கே விழுவதற்குள் வாளியைச் சக்கரத்தடியில் கவிழ்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கொட்டியது உப்பு. பனியைக் கரைக்கும் கல் உப்பு.

மண்வெட்டிக்காரர்கள் இருவரும் அந்தச் சுவரை உடைக்க ஆரம்பித்திருந்தார்கள். பத்தே நிமிடத்தில் கார் வெளியே வந்தது. யாரோ யோலண்டாவைப் போர்வை போர்த்திக் கூட்டிவந்து ஏற்றினார்கள். டுவெய்னிடம் மட்டும் ஒருவரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பெண் குழந்தையோடு திரும்பினார்கள். இதற்குள் இன்னும் ஒரு அடி பனி விழுந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி ஹலினாவின் கார் ஜன்னல்வரை புதைந்து கிடப்பதைப் பார்த்தார்கள். அவர்கள் தெருவில் ஊசி குத்த இடமில்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அங்கே மட்டும் தார் தெரிய வழித்துச் சுத்தம் செய்திருந்தது. நடுவில் அதே நாற்காலி. அதில் ஒட்டிய அட்டையில், 'குழந்தைக்கு' என்று எழுதியிருந்தது.

டுவெய்ன் அங்கேயே நின்று ஹூஸ்டனுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டான். யோலண்டாவையும் குழந்தையையும் மேலே விட்டுவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஹலினாவின் கதவைத் தட்டினான்.

"மன்னிச்சிடுங்க. அன்னைக்கு அந்த வாளியைப் பார்த்ததும், கார் மேல தண்ணி ஊத்தத்தான் வரீங்கன்னு நினைச்சுட்டேன். புத்தி கெட்டவன் நான்."

"சரியாத்தான் நினைச்சே," என்றாள் ஹலினா. "முதல் வாளியில தண்ணிதான்."

அவன் திருதிருவென்று விழித்தான். "நாங்க இங்கேயே இருக்கப் போறதா பழைய கம்பெனிக்குச் சொல்லிட்டேனே..."

"தாராளமா இரு." நாற்காலியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ஆனா உனக்குன்னு ஒரு நாற்காலி வாங்கிக்கோ."