நகக்கண்ணில் தார்

“நகக்கண்ணுல இன்னும் இருக்குங்க. நல்லாத் தேய்ங்க.”

“தேய்ச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்? தார், லேசுல போகுமா?”

லூர்துராணி மண்ணெண்ணெய்த் துணியைப் பிடுங்கிப் புருஷன் ஸ்தனிஸ்லாஸின் விரல்களைத் தானே துடைத்தாள்.

பாலக்கரைச் சந்து முழுக்க ஒரே பேச்சு. ரயில்வே ஸ்டேஷன் பலகையில் மேல் வரிசையில் இருந்த இந்தி எழுத்துகள்மீது முந்தின இரவு யாரோ தாரைப் பூசிவிட்டார்கள். போலீஸ் தேடிக்கொண்டிருந்தது.

“யாரும் உங்களைப் பார்க்கலையே?”

“பட்டப்பகல்ல ஏணி மேல நின்னா, பார்க்காம இருப்பாங்களா?”

கதவு தடதடத்தது. லூர்துராணி ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

“போலீஸா?”

“போலீஸா இருந்தா நிம்மதியா இருப்பேனே! காலேஜ் பசங்க. கையில தார் டின்னு.”

போர்டு எழுதுவதுதான் ஸ்தனிஸ்லாஸின் பிழைப்பு. அன்று காலை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுத் தாரைத் துடைக்கச் சொன்னார்கள். அதே இந்தி எழுத்துகளை மறுபடி எழுதவும் சொன்னார்கள். எழுதிவிட்டு வந்திருந்தான்.

இப்படி எழுதிக் கொடுத்த ஒருவனின் முகத்திலேயே தாரை ஊற்றிவிட்டார்களாம். சாயங்காலம்தான் தெருமுனையில் சொன்னார்கள்.

“பாலக்கரையிலேயே அழகான எழுத்து என்னுதுன்னு பீத்திக்குவீங்களே, போய் வாங்கிக்கிங்க!” என்றவள், உடனே அழுதுவிட்டாள். “பின்பக்கமா ஓடிடுங்க.”

“உன்னை விட்டுட்டா?”

தாழ்ப்பாள் கழன்றுவிடும்போல ஆடியது. அவனே போய்த் திறந்தான்.

முன்னால் நின்றவன் உடம்பில் வெள்ளையாக இருந்தது கண் மட்டும்தான். சட்டை, வேட்டி, காதுமடல் எல்லாம் தார்.

“ஸ்டேஷன்ல திரும்ப எழுதினது நீங்கதானே?”

“வயித்துப்பாடு தம்பி.” ஸ்தனிஸ்லாஸ் கண்களை இறுக மூடிக்கொண்டான். “மூஞ்சியில மட்டும் வேணாம். பிள்ளைங்க பயந்துரும்.”

டின் வாசற்படியில் இறங்கும் சத்தம் கேட்டது. மெல்லக் கண் திறந்தான்.

வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“எங்களுக்கு பிரஷ் பிடிக்க வரலண்ணே. இந்தி மேல பூசினா, வழிஞ்சு கீழ இருக்கற தமிழையும் மூடிடுது. இன்னைக்கு மட்டும் நீங்களே வந்து பூசித் தர்றீங்களா?”