ரெங்கம்மாள் கேட்ட விலை

"இது வளர்த்தி இல்ல வே, வீக்கம்! வீங்குனது வத்தாம இருக்காது."

தென்காசி காபி கிளப்பில் பால்வண்ணநாதன் மேஜையைத் தட்டிச் சொன்னார். நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம்.

வீட்டுத் தரகர் பேச்சிமுத்து விடவில்லை. "ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு மெட்ராஸே காலியாகுது அண்ணாச்சி. குத்தாலத்துல மாட்டுத் தொழுவத்தைக்கூட வெலைக்குக் கேக்கான். இனி வெல எறங்கவே எறங்காது."

"பயத்துல குடுக்குத வெல எத்தன நாளு நிக்கும்? பயம் தெளிஞ்சா அவங்கவங்க ஊரைப் பாத்துப் போயிருவாங்க."

"அப்ப உங்க கீழத்தெரு வீட்ட இப்பமே தள்ளிவிடுங்களேன். நாலாயிரம் தர ஆள் இருக்கு!"

ஆயிரத்தைந்நூறுகூடப் பெறாத வீடு. ஆனால் அது மனைவி ரெங்கம்மாளுக்கு அவள் அப்பா எழுதி வைத்தது. ரங்கூனிலிருந்து கைக்குழந்தையோடு கப்பலேறி வந்த ஜெபமலர் அதில் குடியிருந்தாள். அவள் புருஷன் ரத்தினம் பர்மாவிலேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

பால்வண்ணநாதன் வீட்டுக்கு ஓடினார்.

"நாலாயிரம் ரெங்கம்மா! இலத்தூர்ல நல்ல வயலா வாங்கிரலாம்."

"ஆறாயிரம் வரட்டும்."

"ஒனக்கென்ன கிறுக்கா?"

"ஏறும். பொறுங்க."

தரகர் ஐயாயிரத்துக்கு ஆள் கொண்டுவந்தார். ரெங்கம்மாள் தெருவே கேட்கும்படி சொன்னாள்: "ஏழுன்னா பேசலாம்."

பேராசைக்காரி என்று ஊர் சிரித்தது. பால்வண்ணநாதன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டார்.

குற்றாலத்தில் சாரல் முடிந்து ஐப்பசி பிறந்தது. மெட்ராஸில் குண்டு விழவில்லை. வந்தவர்கள் மூட்டை கட்டி ரயிலேறினார்கள். வீடுகளைச் சீந்துவாரில்லை. இலத்தூர் வயலையும் வேறொருவர் வாங்கிவிட்டார்.

அன்று அவர் கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தார். ரெங்கம்மாள் இல்லை. கீழத்தெருவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அங்கேயே வைத்துக் கேட்டுவிடுவது என்று போனார்.

வாசலில் தாடியும் மீசையுமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். காலெல்லாம் துணிக்கட்டு. அவன் மடியில் இருந்த குழந்தை அவனை அடையாளம் தெரியாமல் வீறிட்டது.

ஜெபமலர் அழுதுகொண்டே சிரித்தாள். "அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரக வந்துட்டாக! பர்மாக் காட்டு வழியா நடந்து, அசாம்ல காய்ச்சல்ல கெடந்து... நான் வந்ததும் போட்ட கடுதாசியில இருந்த இந்தத் தெருவும் வீடும் மட்டுந்தான் அவுகளுக்குத் தெரியும். இங்கன நான் இல்லாமப் போயிருந்தா..."

உள்ளே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த ரெங்கம்மாளைப் பால்வண்ணநாதன் அழைத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பும் வழியில்தான் கேட்டார்.

"இதுக்காகவா விக்காம இருந்த?"

"வித்தா அவ எங்க போவா? அவன் எங்கன வந்து தேடுவான்?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"உங்ககிட்டச் சொன்னா காபி கிளப்புக்குப் போயிரும். அவ ரோசக்காரி. தனக்காக நாம நட்டப்படுதோம்னு காதுல விழுந்தா அன்னைக்கே மூட்டையக் கட்டியிருப்பா. வெல படியலன்னு நெனச்சதாலதான் இருந்தா."

"அதுக்கு நீ பேராசைக்காரின்னு பேரு வாங்கணுமா?"

"பேருதான? இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் காபி கிளப்பில் பேச்சிமுத்து அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "நீங்க சொன்னதுதான் பலிச்சிட்டு அண்ணாச்சி. என்ன செய்ய, வீட்டம்மா பேராச உங்களக் கெடுத்துட்டு!"

கிளப்பே சிரித்தது. நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று பால்வண்ணநாதனுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஜெபமலரின் முகம் நினைவுக்கு வந்தது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"ஆமா வே! எம் பொண்டாட்டி மாதிரி ஒரு பேராசைக்காரி இந்த ஜில்லாவுலயே கெடையாது!"