குடை பிடிக்கிற பெண்

தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். காலையிலிருந்து நின்றபடியே சோப்புக்கு உறை போட்ட சுலோசனா, அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து வீங்கிய கால்களை நீட்டியிருக்கிறாள். கூட வேலை பார்க்கும் தீபலட்சுமியின் போன் டிபன் பாக்ஸில் சாய்ந்து நிற்கிறது. அதில் தமிழ் பேசும் சீனத் தொடர். வண்டி மோதி மயங்கிய ஆபீஸ் பெண், ஆயிரம் வருஷம் பின்னால் போய், அரண்மனையில் இளவரசியாகக் கண் விழித்திருக்கிறாள். கூரை ஓட்டை வழியே வரும் வெயில் பட்டுப் படம் மங்குகிறது. சுலோசனா உள்ளங்கையால் நிழல் கட்டுகிறாள். பட்டுடை தரையில் புரள இளவரசி தோட்டத்தில் நடக்கிறாள். வெள்ளைப் பூக்கள் உதிர்கின்றன. “நம்ம மேலயும் ஏதாச்சும் வண்டி மோதுனா தேவலக்கா,” என்று தீபலட்சுமி சிரிக்கிறாள். சுலோசனா சிரிக்கவில்லை. இளவரசிக்குப் பின்னால் குடை பிடித்தபடி தலைகுனிந்து நிற்கும் பணிப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இளவரசி உட்காருகிறாள், டீ குடிக்கிறாள், இளவரசனிடம் கோபித்துக்கொள்கிறாள்; குடைக்காரி நின்றுகொண்டே இருக்கிறாள். கம்பெனி மணி அடிக்கிறது. தீபலட்சுமி போனை அணைக்கிறாள். “அந்தக் குடை புடிக்கிற பொண்ணு எப்பதான்டி உக்காரும்?” என்று கேட்டபடி, முழங்காலில் கை ஊன்றி எழுந்திருக்கிறாள் சுலோசனா.