அவசரத்துக்கு ஒரு நம்பர்

"எலக்ட்ரிக் பைக்குக்கா சார்? சத்தமே வராத வண்டி, குறுக்கே வர்றவங்களுக்கே தெரியாது. ஹெல்மெட் நல்லதா இருக்கணும்."

வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான கடைப்பெண், நாலாவது ஹெல்மெட்டை, வாங்க வந்தவர் தலையில் மாட்டி, வாரை இறுக்கி, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள்.

"காதுகிட்ட வலிக்குதா சார்?"

"இல்லம்மா. இதையே எடுத்துக்கறேன்."

பில்லை நீட்டிவிட்டு ஒரு ஸ்டிக்கரை எடுத்தாள். "இதை உள்ளே ஒட்டணும். ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்குச் சொல்றது? வீட்டு நம்பர் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த பில்லைக் குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாக ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

"சரியான்னு ஒரு ரிங் விட்டுப் பார்த்துடறேன்" என்று தன் செல்போனில் அழுத்தினாள்.

மேஜை மேலிருந்த கடை போன் அடித்தது.

"சார், இது எங்க பில்லுல இருக்கற நம்பராச்சே!"

"வலிக்குதான்னு கேட்க ஆள் இருக்கற இடம், எனக்கு இது ஒண்ணுதான்மா."