முழுக்கை ஸ்வெட்டர்

அக்னி நட்சத்திர வெயில் மண்டையைப் பிளக்கிறது. இதில் எந்தத் தாயாவது கைக்குழந்தைக்கு முழுக்கை ஸ்வெட்டர் மாட்டுவாளா?

ஹர்ஷினி மாட்டியிருந்தாள். காலையில் தென்னேரிக்கு, அம்மா வீட்டுக்கு என்று கிளம்பிப் போனவள், சமண வீட்டு வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டுமே என்று ஷேர் ஆட்டோ பிடித்து அரக்கப் பரக்க வந்து இறங்கினாள். இடுப்பில் வர்த்தமான், வேர்த்து வழிந்தபடி.

"வேர்க்குரு வந்துடும்டி. அதைக் கழட்டேன்" என்றாள் சம்யுக்தா.

"பரவால்லக்கா. அவனுக்கு ஒண்ணும் ஆவாது."

அவ்வளவுதான். பிள்ளையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சம்யுக்தாவுக்குச் சுருக்கென்றது. போன மாதமும் இதே கூத்துதான்.

இருவரும் ஓரகத்திகள். திருப்பருத்திக்குன்றத்தில் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒரே வாரத்தில் ஆளுக்கொரு ஆண் பிள்ளை. வீடே ஆடிப் பாடியிருக்க வேண்டியது. ஆனால் மூத்தவள் சம்யுக்தாவின் அபினவுக்குப் பிறக்கும்போதே சிறுநீர்க் குழாயில் ஜவ்வு மாதிரி ஓர் அடைப்பு. பிறந்த கையோடு ஆபரேஷன் செய்து அதை நீக்கிவிட்டார்கள். அதற்குள் கிட்னி எவ்வளவு அடி வாங்கியதோ, அதைக் கண்டுபிடிக்கத்தான் மாதா மாதம் ரத்தப் பரிசோதனை.

வர்த்தமானோ குண்டுப் பயல். டயப்பரைக் கழற்றினால் போதும், எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே பீய்ச்சுவான். அதைப் பார்க்கையில் சம்யுக்தாவுக்குச் சிரிப்பும் வரும், ஏக்கமும் வரும். அபினவும் ஒருநாள் இப்படி அடிக்க வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

எதிர்வீட்டு சுகாசினி விஷயத்தைக் கேட்டதும் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

"இன்னுமா உனக்குப் புரியல? நீ கண்ணு வெச்சுடுவேன்னு புள்ளைய மூடிக்கினு திரியுறா. நீ ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு பார்த்து அம்மா வீட்டுக்கு ஓடுறாளே, கவனிச்சியா?"

"சேச்சே, அப்படிப்பட்டவ இல்லப்பா" என்றாள் சம்யுக்தா. வாய்தான் சொன்னது. மனசு நம்பிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கலைவாணி சிரித்த முகமாக இருந்தார்.

"போன மாச ரத்தம் நல்லா வந்திருக்கும்மா. கிரியாட்டினின்னு ரத்தத்துல ஒரு கழிவு இருக்குது பாருங்க, கிட்னி நல்லா கெட்டப்புறம்தான் அது ஏறும். அதுக்கு முன்னாடியே ஏறுற சில புரோட்டீன் ரத்தத்துல இருக்குது. எங்க ஆராய்ச்சியே அதைப் பத்திதான். அபினவுக்கு அது ஏறல. ஸ்கேனும் அதையேதான் சொல்லுது. அந்தப் புரோட்டீன் இந்த வயசுக் குழந்தைக்கு எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவுதான் இருக்குது."

சம்யுக்தாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "எவ்வளவு இருக்கணும்னு எப்படி டாக்டர் தெரியும்?"

"நல்லா கேட்டீங்க. குழந்தை வளர வளர அந்த அளவு மாறிக்கிட்டே இருக்கும். அதே வயசுல, நோய் நொடி இல்லாத குழந்தைங்களோட ரத்தத்தை வெச்சு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அந்த ரத்தம் கிடைக்கிறதுதான் குதிரைக்கொம்பா இருந்துச்சு."

"நல்லா இருக்குற புள்ளைய ஊசி குத்த யாரு டாக்டர் தூக்கிக்கினு வருவாங்க?"

"வர்றாங்களே! நேத்துகூட..." என்று ஆரம்பித்த நர்ஸ் பிரவீனா, டாக்டர் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டாள். பேர் சொல்லக் கூடாதாம்.

அபினவின் கையில் ஊசி இறங்கியது. அவன் வீறிட்டான். பிரவீனா பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பச்சைப் பேனாவால் ஒரு கிளியை வரைந்தாள்.

"அழுவாதடா ராஜா. எங்க ஆராய்ச்சிப் புள்ளைங்களுக்கு மட்டும்தான் இந்தக் கிளி, தெரியுமா?"

வீடு திரும்பியபோது ஹர்ஷினி குளித்துக்கொண்டிருந்தாள். தொட்டிலில் வர்த்தமான் கத்திக்கொண்டிருந்தான். அதே ஸ்வெட்டர். கழுத்தெல்லாம் சிவந்து கிடந்தது.

கண் படுகிறதோ, காது படுகிறதோ! இதற்கு மேல் சம்யுக்தாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அபினவைப் பாயில் விட்டுவிட்டு, வர்த்தமானைத் தூக்கி ஸ்வெட்டரை உருவினாள்.

முழங்கை மடிப்பில் லேசாக நீலம் பூத்திருந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்திரி.

பிளாஸ்திரியில் பச்சைக் கிளி.

சம்யுக்தா பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். இந்தப் பிள்ளையின் அம்மாவைப் பற்றியா அப்படி நினைத்தோம் என்று கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

தலையில் சுற்றிய துண்டோடு வந்த ஹர்ஷினி, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். குட்டு வெளிப்பட்டுவிட்டதே!

"இதுதான் உன் தென்னேரியாடி?" சம்யுக்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏண்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

ஹர்ஷினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அவரும் நானும் பேசித்தான்க்கா சம்மதிச்சோம். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? இவனை எறும்பு கடிச்சாலே ஊரைக் கூட்டுற ஆளு நீங்க. இவனுக்கு ஊசி குத்துறாங்கன்னு தெரிஞ்சா, அபினவுக்கு அந்த டெஸ்டே வேணாம்னு சொல்லியிருப்பீங்களே!"