டார்லா கைக்கு ஆகாத துப்பாக்கி

“இதுவும் உங்க கைக்கு ஆகாதும்மா.”

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால நின்னுக்கிட்டு வெர்லின் இப்படிச் சொல்றது இது மூணாவது தடவை. பக்கத்துல பில் போட்டுக்கிட்டிருந்த நேடினுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

சனிக்கிழமை மத்தியானம். அமெரிக்காவுல, டென்னிசியில மான் வேட்டை தொடங்க இன்னும் ஒரே வாரம். துப்பாக்கிக் கடையில காலையிலருந்து உக்கார நேரமில்ல. வெர்லினுக்கு அறுபத்து நாலு வயசு. ரெண்டு காலும் வீங்கி, பெட்டி மேல சாஞ்சுக்கிட்டேதான் வியாபாரம். அவர் பேசுறதே கொட்டாவி விடுற மாதிரி இருக்கும்.

எதிர்ல நின்ன பொண்ணு பேரு டார்லா. ஒல்லியான உடம்பு. கூட வந்தது புருஷன் ராயிஸ். அவளக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது அவன்தான். வீடு ஊருக்கு வெளியவாம், இவன் லாரி எடுத்துட்டுப் போனா நாலு நாள் ஆகுமாம், இவ ஒத்தையில கிடக்குறாளாம். நெஞ்சுல கைய வச்சு, சர்ச்சுல சாட்சி சொல்ற மாதிரி உருகினான். இன்னைக்கே வேணுமாம். அவ பேர்லயே எழுதிடணுமாம்.

அந்தக் கடையில ஒரு வழக்கம். பிஸ்டலோட மேல்மூடியப் பின்னால இழுத்து விட்டாத்தான் குண்டு உள்ள ஏறும். வாங்குறவங்க அதத் தன் கையாலயே மூணு தடவை இழுத்துக் காட்டணும். காட்டலைன்னா அரசாங்கப் படிவத்த வெர்லின் வெளியவே எடுக்க மாட்டாரு.

முதல்ல ரோஸ் கலர்ல ஒரு குட்டி பிஸ்டல். பொம்பளைங்களுக்குன்னா இதானேன்னு ராயிஸே கை காட்டினான். எல்லாப் புருஷனும் இதத்தான் காட்டுவான், லேசான துப்பாக்கிதான் கழுத மாதிரி உதைக்கும்னு வெர்லின் முனகிக்கிட்டே எடுத்துக் குடுத்தாரு. டார்லா இழுத்தா. மூடி பாதி வந்து நின்னுடுச்சு. ரெண்டாவது கொஞ்சம் பெருசு. அவ முகம் செவந்ததுதான் மிச்சம். மூணாவதுல விரலே வழுக்கிடுச்சு.

அப்ப ரிவால்வர் குடு, அதுல இழுக்குற வேலையே இல்லன்னான் ராயிஸ். வெர்லின் அதையும் எடுத்து வச்சு, வெறுமனே விசைய அழுத்தச் சொன்னாரு. ரெண்டு விரலப் போட்டு அழுத்தியும் அது அசையல.

“வீட்ல ஊறுகா பாட்டில் திறக்க யாராச்சும் ஆள் வச்சிருக்கீங்களாம்மா?”

பின்னால நின்ன ரெண்டு வேட்டைக்காரங்க கெக்கேபிக்கேன்னு சிரிச்சாங்க. டார்லா தலையக் குனிஞ்சுக்கிட்டா.

நேடினுக்குத் தாங்கல. வாதக் கைக்காரங்களுக்குன்னே சுளுவா இழுக்க வர்ற மாதிரி ஒண்ணு வந்திருக்கே, அதக் காட்டேன்னா.

“தீந்துபோச்சு”ன்னாரு வெர்லின், திரும்பிக்கூடப் பாக்காம.

தீரவாவது. காலையில கீழ் டிராயர்ல மூணு அடுக்கினதே நேடின்தான். அதச் சொல்ல வாயத் திறக்குறதுக்குள்ள, வெர்லினோட பூட்ஸ் அவ கால மிதிச்சுது.

ராயிஸ் பொறுமை இழந்துட்டான். எதையாவது ஒண்ணக் கட்டு பெரியவரே, இழுக்குறத நான் வீட்ல சொல்லிக் குடுத்துக்குறேன்னான்.

“நல்லா சொல்லிக் குடுங்க தம்பி. கைக்கு இழுக்க வந்தப்புறம் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா உங்க பேர்லயே எழுதிடவா? கொஞ்ச நேர வேலைதான்.”

“என் பேரெல்லாம் வேணாம்.”

சொன்ன வேகத்துல அவன் முகமே மாறிடுச்சு. பொண்டாட்டி பக்கம் திரும்பினான். “கடவுள் ரெண்டு கை குடுத்து என்னடி பிரயோஜனம்? மரக்கட்டை.”

அவ முழங்கையப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டே வெளிய போயிட்டான்.

வேட்டைக்காரங்களும் தோட்டா வாங்கிக்கிட்டுக் கிளம்பினதும் நேடின் ஆரம்பிச்சா. கண்ண அரைகுறையா மூடி, வாயக் கோணி, வெர்லின் மாதிரியே இழுத்தா: “ஆ…கா…தும்மாஆஆ.” அப்புறம் பில் புக்கப் பட்டுன்னு மூடினா.

“இத்தன வயசாகியும் பொம்பளைன்னா உனக்கு இளக்காரம்யா. ஒத்தையில கிடக்குற பொண்ணு. நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

வெர்லின் ஸ்டூல இழுத்துப் போட்டு, அன்னைக்கு முதல் தடவையா உக்காந்தாரு. போன எடுத்து, போலீஸ் ஷெரிப் ஆபீஸ் நம்பரத் தேடிக்கிட்டே பேசினாரு.

“அவன் வண்டிய நிறுத்திட்டு வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு முன்னாடி ஓடி வந்துச்சு, நேடின். நீ அப்ப உள்ள பெட்டி பிரிச்சுக்கிட்டிருந்த. கடையிலயே இழுக்கக் கஷ்டமான முரட்டு பிஸ்டல் எதுன்னு கேட்டுச்சு. எடுத்துக் குடுத்தேன். டக், டக், டக்குன்னு மூணு இழுப்பு. எனக்கே அவ்வளவு சுளுவா வராது.”

“பின்ன ஏன்யா?”

“இவள அடிச்சதுக்கு அவன் துப்பாக்கியெல்லாம் கோர்ட்டு பிடுங்கி வச்சிருக்கு. வாங்கவும் கூடாது. அதான் இவ பேர்ல வாங்கிட்டுப் போகப் பாக்குறான். மாட்டேன்னு இவ வாயால சொன்னா, வீட்டுக்குப் போனதும் கதி என்னாகும்?”

நேடின் வாசலப் பாத்தா. லாரி போயிடுச்சு.

“அந்தப் பொண்ணு என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது இதுதான்: ‘என்னால முடியலன்னு நான் நடிக்கிறேன், ஐயா. நாலு பேர் முன்னாடி என்ன நல்லாக் கேலி பண்ணுங்க. அப்பத்தான் அவர் நம்புவாரு.’”