அக்டோபர் கிறிஸ்துமஸ்

இந்தப் பாட்டு முடிவதற்குள் அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு பாட்டின்போதும் மார்லிஸ் இப்படித்தான் நினைத்தாள். ஒவ்வொரு பாட்டும் முடிந்துபோனது.

எதிரே வெர்ன் சிவப்புக் குல்லாவும் வெள்ளைக் குஞ்சமுமாக உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அமெரிக்காவின் டுலூத் நகரத்தை நெடுங்காலமாக வானொலியில் பேசிக் காலையில் எழுப்புகிறவர்கள் இவர்கள் இருவரும்தான். கடைக்குத் தனியாகப் போனால், "இன்னொருத்தர் எங்கே?" என்று கேட்பார்கள்.

அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன்கூட இன்னும் வரவில்லை. வீட்டு வாசல்களில் அதற்காக முகம் செதுக்கி வைத்த பூசணிக்காய்கள் பல்லிளித்துக்கொண்டிருந்தன. வானொலியிலோ விடிந்ததிலிருந்து கிறிஸ்துமஸ் பாட்டு, மணியோசை. வேறு எதுவும் கிடையாது.

ஊருக்கு இது வேடிக்கை. வானொலிக்காரர்களுக்குக் கெட்ட சகுனம்.

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங்கை ஒட்டித் தொடங்கினால் அது பண்டிகைப் பாட்டு. பூசணிக்காய் காலத்திலேயே தொடங்கினால், நிலையம் கைமாறிவிட்டது என்று பொருள். கேட்பவர்களை மணியோசையில் மயக்கி வைத்திருந்துவிட்டு, பண்டிகை முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் மாற்றுவார்கள். வேறு பெயர், வேறு பாட்டு, வேறு குரல்கள்.

நேற்றுக் காலை மேலாளர் பிரெட் அவளைத் தனியே கூப்பிட்டான். கதவைச் சாத்தினான்.

"புது முதலாளிங்க உங்க குரல் மட்டும் போதும்னுட்டாங்க. வெர்ன்கிட்ட மூச்சு விடாதீங்க. பண்டிகை வரைக்கும் அவர் சந்தோஷமாப் பேசணும்."

அவள் தலையாட்டினாள். தலையாட்டியதை இப்போது நினைத்தாலும் கழுத்து கூசியது.

ஏரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு நிலையம் வெர்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும். அதன் பிறகு இந்த வயதில், இந்த ஊரில், அவன் குரலை யார் கேட்கப் போகிறார்கள்? அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைத்துக்கொள்வான். சொன்னால் தன்னையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்களோ என்ற பயம்தான் அந்த வார்த்தையைச் சொல்ல விடாமல் தடுத்தது.

அவனோ இன்று அநியாயத்துக்கு நல்லவனாக இருந்தான். அவளுக்குப் பிடித்த ஆப்பிள் டோனட்டை வாங்கி வந்தான். யாருக்கும் விட்டுத்தராத வானிலை அறிக்கையைக்கூட அவள் பக்கம் தள்ளினான்.

"குளிரை நீயே சொல்லு மார்லி. ஏரிக்காத்தைக் குறைச்சுச் சொல்லிடாத, ஊர்க்காரங்க கோவிச்சுப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. டோனட்டைக் கடிக்காமல் தள்ளி வைத்தாள்.

துறைமுகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் வந்தார். "என் வீட்டுப் பூசணியே இன்னும் அழுகலப்பா வெர்ன், அதுக்குள்ள பனிவண்டிப் பாட்டு ஓட்டுறீங்க! உங்களை வித்துட்டாங்களா என்ன?"

"என்னை வாங்க யாருக்கய்யா துணிச்சல் இருக்கு?" என்று வெர்ன் சிரித்துச் சமாளித்தான். ஆனால் நேர்ப் பதில் சொல்லவில்லை.

அடுத்த பாட்டு தொடங்கியதுமே பிரெட்டின் குரல் அவள் ஹெட்போனில் கேட்டது. "இந்தக் கேள்வி நிறைய வருது. பாட்டு முடிஞ்சதும் நீங்களே சொல்லிடுங்க மார்லிஸ். 'அடுத்த வருஷமும் நாங்க ரெண்டு பேரும் உங்ககூடவே இருப்போம்'னு. நீங்க சொன்னா ஊர் நம்பும்."

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பிரெட் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஒலிவாங்கிகள் அணைந்திருந்தன. இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை. அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"வெர்ன், அந்தப் பாலத்துக்காரங்க வேலை..."

"அதைப் பத்தித்தான் நானும் பேசணும்." குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். நரைமுடி கலைந்து நின்றது. "நேத்து சாயங்காலமே நான் வரலைன்னு சொல்லிட்டேன். எனக்குப் பதிலா உன்னை எடுத்துக்கச் சொல்லியிருக்கேன். நீ போயிடு மார்லி."

"நான் எதுக்குப் போகணும்?"

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல், உதடு அதிகம் அசையாமல் பேசினான்.

"திட்டாத. பிரெட் சொல்லக் கூடாதுன்னான். நேத்து மத்தியானத்துலேர்ந்து உன் முகத்தைப் பார்க்க முடியல. புது முதலாளிங்க என் குரல் மட்டும் போதும்னுட்டாங்களாம்."

மட்டும்.

அந்தச் சொல் அவளுக்குள் மெதுவாகப் போய் உட்கார்ந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, நேற்று மத்தியானமே தான் வாய் திறந்திருந்தால் அவன் அந்த வேலையை விட்டிருக்க மாட்டானே என்ற எண்ணம் வந்தது. சிரிப்பு அதோடு நின்றது.

"வெர்ன், என் குரல் மட்டும் போதும்னு என்கிட்டயும் அதையேதான் சொன்னான். ரெண்டு பேரையுமே அனுப்பப் போறாங்க."

வெர்னின் முகத்தில் அவள்மேல் இருந்த இரக்கம் வடிந்து போவதை அவள் பார்த்தாள். அதன் பிறகு அது வெறும் வயதான முகமாக இருந்தது.

பாட்டின் கடைசி மணி ஒலித்து அடங்கியது.

அடுத்ததை ஓட்ட வேண்டியதும் பேச வேண்டியதும் அவள்தான். வானொலியில் மௌனம் என்பது கடலில் ஓட்டை விழுந்த படகு மாதிரி. ஒரு நொடி போனாலே கை தானாகப் பாய்ந்து அடைக்கும். அவள் கை பாயவில்லை.

டுலூத்தின் சமையலறைகளிலும் லாரிகளிலும் மௌனம் நிறைந்தது.

பிரெட் கண்ணாடியைத் தட்டினான். பேசு என்று வாயசைத்தான். பிறகு இரண்டு கையாலும் தட்டினான்.

மார்லிஸ் அவனைப் பார்த்தாள். மாட்டேன் என்று தலையை மெல்ல அசைத்தாள்.